"அடிக்கிறதில்லையேக்கா" என்கிறாள் தங்கை. இதைக் குடும்ப வன்முறை என்று சொல்லலாமா? யாரிடம் போய்க் கேட்பது?

செம்பருத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமாகச் சமையல் பகுதியிலும் குழந்தை வளர்ப்புப் பகுதியிலும்தான் எழுதுவேன். இது என் தங்கை விஷயம். ஊர், வேலை எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். யாராக இருக்கும் என்று தேட வேண்டாம்.

கல்யாணமாகி ஐந்து வருடம். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது, தெருவில் நல்ல பெயர். எங்கள் அம்மா அப்பாவுக்கு அவர் தங்கமான மாப்பிள்ளை.

நான் போன் செய்தால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். "சாப்ட்டியா, பாப்பா தூங்கிட்டாளா" என்பதைத் தாண்டி எதுவும் வராது. சம்பளம் விழும் கணக்கின் ஏடிஎம் கார்டு அவரிடம். காலையில் பஸ்ஸுக்கு எண்ணிக் கொடுப்பார், சாயங்காலம் மீதியைக் கணக்குச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். பள்ளி விட்டுக் கொஞ்சம் தாமதமானால் லொகேஷன் அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவது மெல்ல மெல்லக் குறைந்து இப்போது நின்றே போய்விட்டது.

போன மாதம் ஒரு நாள் நானே போய்த் தங்கினேன். சாயங்காலம் பாப்பா கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. எனக்கு அது யார் பைக் என்றுகூடத் தெரியாது. பாப்பா ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள், தரையில் கிடந்த சொப்புகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள். மூன்றரை வயது. அவளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

தங்கையிடம் கேட்டால், "அவர் இதுவரைக்கும் கை நீட்டி அடிச்சதில்லக்கா. கோவக்காரர், அவ்வளவுதான்" என்கிறாள். அப்பாவிடம் சொன்னேன். "சீர்ல அஞ்சு பவுன் பாக்கி இருக்கு, அதைப் போட்டுட்டா சரியாயிடும்" என்கிறார்.

நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? இதற்கெல்லாம் போய்க் கேட்க இடம் இருக்கிறதா? போலீஸ் என்றாலே அவள் நடுங்கிவிடுவாள்.


வைகைக்கரை எழுதியது:

செம்பருத்தி, நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. பைக் சத்தம் என்று படித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டில் அது கேட் தாழ்ப்பாள் சத்தம்.

ஒன்பது வருடம் அப்படி ஒரு வீட்டில் இருந்தேன், வெளியே வந்தும் பல வருடம் ஆகிறது. அடி என்பது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் அடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சாம்பாரில் உப்பு, துவைத்த சட்டையின் காலர், அவர் அம்மா போன் செய்தால் எத்தனை ரிங்கில் எடுத்தேன், பக்கத்து வீட்டு அண்ணனிடம் எதற்குச் சிரித்தேன். நாள் முழுக்க அவர் முகத்தைப் படித்துக்கொண்டே இருப்பது. கோபக்காரர் என்றால் மேனேஜரிடமும் கோபப்பட வேண்டுமே? அங்கே "சரி சார்"தான். பால்காரரிடம் தகராறு கிடையாது. கதவைச் சாத்திய பிறகு எங்கள் மேல் மட்டும்தான் அந்தக் கோபம் வரும்.

உங்கள் தங்கையிடம் "அடிக்கிறாரா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று சொல்லித் தப்பித்துவிடலாம், நானும் அப்படித்தான் தப்பித்தேன். "அவர் வீட்டுக்கு வர்ற நேரத்துல உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். என் சித்தி என்னிடம் அதைத்தான் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.


மேலைக்காற்று எழுதியது:

தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு இங்கே தீர்ப்பு எழுதுவது சரியா? பணத்தை ஒருவர் நிர்வகிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நாளைக்கு 498ஏ என்ற கணவன் வீட்டுக் கொடுமை கேஸ் போட்டு ஒரு குடும்பத்தையே ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். என் நண்பன் குடும்பம் அப்படி அலைந்ததைப் பார்த்தவன் நான்.


நிழற்குடை எழுதியது:

குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்களுக்கு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேலைக்காற்று, நிர்வகிப்பதற்கும் பறித்து வைப்பதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. "என் கார்டை நானே வச்சுக்கிறேன்" என்று அந்தப் பெண் நாளைக்குச் சொன்னால் என்ன நடக்கும்? "சரி, வச்சுக்கோ" என்று பதில் வந்தால் அது நிர்வாகம். அதைச் சொல்லவே அவள் பயப்படுகிறாள் என்றால் வேறு விஷயம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வந்த மெசேஜைக்கூடத் தன் போனில் பார்க்க முடியாத பெண்கள் இருக்கிறார்கள். கார்டும் சிம்மும் கணவனிடம் இருக்கும்.

இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உடல்ரீதியான கொடுமை அதில் ஒரு வகை மட்டும்தான். பாலியல் கொடுமை, வார்த்தையாலும் மனதளவிலும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவதைக்கூட அந்தப் பிரிவு தனியாகச் சொல்கிறது. சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை விற்பது, செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது எல்லாம் பொருளாதாரக் கொடுமை. கணவன் கட்டாயப்படுத்தி உறவு கொள்வதைக் கிரிமினல் சட்டம் இன்னும் பலாத்காரமாகக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் இந்தச் சட்டத்தில் அது பாலியல் கொடுமைதான். பெண்கள் இதைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள், ஆலோசகரே பக்குவமாகக் கேட்க வேண்டியிருக்கும்.

செம்பருத்தி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண்கள் உதவி கேட்க வராமல் இருப்பதற்கு நான் பார்த்த பெரிய காரணம் அதுதான். உதவி கேட்பது வேறு, பிரிந்து போவது வேறு. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்தால் யாரும் "உடனே வீட்டை விட்டு வா" என்று சொல்ல மாட்டார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அரசு நடத்தும் சகி மையத்துக்குள் காலெடுத்து வைத்தால் விவாகரத்து ஆகிவிடாது. கேஸ் போட வேண்டும் என்றுகூட இல்லை. வந்து பேசிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அதே வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். மறுபடியும் வரலாம். முடிவு அவளுடையது. "போனா வாழாவெட்டின்னு ஊர் பேசும், போகாட்டி இவர்கிட்டயே சாகணும்" என்று இரண்டே வழிதான் என நினைத்துக்கொண்டுதான் நிறையப் பேர் வருடக்கணக்கில் வாய் திறப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவுமில்லை.

அந்த ஐந்து பவுன் விஷயத்தில் உங்கள் அப்பாவின் மனது புரிகிறது. ஆனால் கொடுத்தால் அடங்கும் என்று நினைத்துக் கொடுத்த வீடுகளில், அடுத்து என்ன கேட்கலாம் என்று எதிர்ப்பக்கம் கற்றுக்கொண்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.


கறுப்பு அங்கி எழுதியது:

மேலைக்காற்று அவர்களுக்கு. சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், எல்லாச் சட்டத்துக்கும் அந்தப் பிரச்சினை உண்டு. ஆனால் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

நீங்கள் சொல்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ. 2024 ஜூலை 1-லிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆவது பிரிவுகள். அது கிரிமினல் குற்றம், மூன்று வருடம் வரை தண்டனை. அதிலும் புகார் வந்த உடனே கைது செய்யக் கூடாது, தேவை இருக்கிறதா என்று பார்த்து முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிழற்குடை சொன்ன 2005 சட்டம் அடிப்படையில் சிவில் நிவாரணம் தருவது. கோர்ட்டில் நாங்கள் டிவி (டொமஸ்டிக் வயலன்ஸ்) ஆக்ட் என்போம். அதில் யாரையும் முதலில் ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. "இவளைத் துன்புறுத்தாதே, வேலை செய்யும் இடத்துக்குப் போய்த் தொந்தரவு செய்யாதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு, நகையைத் திருப்பிக் கொடு, குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும்" என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம். அதற்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

செம்பருத்தி, வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் உங்கள் தங்கைக்கு அங்கே வசிக்கும் உரிமை உண்டு. மாமனார் மாமியார் வீட்டுக்கு இது பொருந்தாது என்று முன்பு ஒரு தீர்ப்பு இருந்தது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. "இது எங்கப்பா கட்டின வீடு, வெளியே போ" என்று மிரட்டினால் அவர்கள் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, சட்டப்படிதான் செய்ய முடியும்.

வக்கீல் ஃபீஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். சட்டத்தில் முதல் விசாரணை மூன்று நாளில், முடிவு அறுபது நாளில் என்று எழுதியிருக்கிறது. நடைமுறையில் இழுக்கும் என்பதை மறைக்கவில்லை. அதனால்தான் முதல் மனுவோடு இடைக்கால உத்தரவும் கேட்க வேண்டும். அவசரம் இருந்தால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே, பிரமாணப் பத்திரத்தின் பேரில் மாஜிஸ்ட்ரேட் கொடுக்கலாம்.


மேலைக்காற்று எழுதியது:

சரி, இரண்டும் வேறு என்று இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரியாது. ஆண்களுக்கு இதில் எதுவுமே கிடையாதா?


கறுப்பு அங்கி எழுதியது:

இந்தச் சட்டத்தின் கீழ் மனு போடப் பெண்ணால்தான் முடியும். ஆண் அடிபட்டால், மிரட்டப்பட்டால் காயம், மிரட்டல் பிரிவுகளில் போலீஸில் புகார் கொடுக்கலாம். கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம். வயதான அப்பாவாக இருந்தால் மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. உங்கள் நண்பருக்குத் தேவை என்றால் தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன். இதில் செம்பருத்தியின் தங்கையைப் பார்ப்போம்.


தனிமரம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி. பென்ஷன் வரும் தேதிக்கு முந்தின ராத்திரியிலிருந்து மகன் சத்தம் போட ஆரம்பிப்பான். அடிக்கவும் செய்கிறான். கணவன் மனைவிக்குள் மட்டும்தான் குடும்ப வன்முறையா?


நிழற்குடை எழுதியது:

இல்லை தனிமரம். ஒரே வீட்டில் ரத்த உறவாலோ, திருமணத்தாலோ, தத்தெடுத்ததாலோ, கூட்டுக் குடும்பமாகவோ வாழும் எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அம்மா, அக்கா தங்கை, விதவையான அண்ணி எல்லாரும் இதில் வருவார்கள். பாட்டி மகன் மேலேயே மனு போடலாம். 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சமும் கேட்கலாம். முதியோர் உதவி எண் 14567.

பக்கத்து வீட்டுக்காரராக நீங்களும் தகவல் கொடுக்கலாம். இந்தச் சட்டத்துக்கென்று மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. சத்தம் கேட்கும்போது கதவைத் தட்டி "கொஞ்சம் காபித்தூள் இருக்கா பாட்டி" என்று கேட்டாலே பல நேரம் அந்தக் கை இறங்கிவிடும். உங்களுக்கே ஆபத்து என்று தோன்றினால் தட்ட வேண்டாம், அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள்.


பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே கதைதான். "புருஷன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்று சொல்லிச் சனம் விலகிப் போய்விடும். இதை வாசிக்கிற எங்கட ஆட்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையில் 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் ஆணும் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். நீதவான் நீதிமன்றம் முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை தரும், பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை தரலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே போய்க் கதைக்கலாம். மருந்து எடுக்கப் போகிற சாட்டில் போய்விட்டு வரலாம் என்பதால் நிறையப் பெண்களுக்கு அது லேசு.


செம்பருத்தி எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். வைகைக்கரை அக்கா சொன்ன கேள்வியைப் பள்ளி இடைவேளையில் அவள் கூட வேலை பார்க்கும் டீச்சர் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள், பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாராம். "அடிக்கல்லக்கா, பிடிச்சார், உடனே விட்டுட்டார்." அந்த வாரம் அவள் குரல் கம்மியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சளி என்று சொன்னாள். கை நடுங்குகிறது எனக்கு. என்ன செய்ய?


இரவுப்பணி எழுதியது:

நான் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியர். செம்பருத்தி, நான் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள்.

கழுத்தைப் பிடித்தார், உடனே விட்டுவிட்டார் என்பது சின்ன விஷயம் இல்லை. கழுத்தை நெரித்த கணவன் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கழுத்தில் தடம் தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, எச்சில் விழுங்க வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் நினைவு தப்பியது, தன்னை அறியாமல் சிறுநீர் போனது, இவற்றில் எது இருந்திருந்தாலும் கழுத்து ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம். சில சமயம் நாட்கள் கழித்துப் பக்கவாதம்கூட வரும். இப்போது மாதங்கள் கடந்துவிட்டாலும் ஒரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இனி ஒரு தடவை நடந்தால் அதே மணி நேரத்தில் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

வரும்போது "கீழே விழுந்துட்டேன், பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்று சொல்ல வேண்டாம். கூட வந்தவர் முறைத்துக்கொண்டு நிற்பார், அதனால் அப்படித்தான் சொல்வார்கள், எங்களுக்கும் தெரியும். ஆனால் நோயாளி சொல்வதைத்தான் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். வழுக்கி விழுந்தது என்று ஏஆர் காப்பியில், அதாவது அந்தப் பதிவேட்டின் நகலில், பதிவாகிவிட்டால், இரண்டு வருடம் கழித்துக் கோர்ட்டில் அதே காகிதத்தைத்தான் எதிர் வக்கீல் எடுத்து நீட்டுவார். தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லலாம். சொல்லப் பயமாக இருந்தால், டிடி ஊசி போடும்போது நர்ஸ் காதில் சொன்னாலும் போதும். அந்த ஏஆர் காப்பியைப் பத்திரமாக வைக்க வேண்டும், ஆனால் அந்த வீட்டில் வைக்கக் கூடாது.


நிழற்குடை எழுதியது:

இரவுப்பணி சொன்னதற்குப் பிறகு நானும் மெதுவாகப் போகலாம் என்று சொல்லப் போவதில்லை. செம்பருத்தி, அவள் பேசிவிட்டாள், அது பெரிய காரியம். உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம், அப்பாவையும் அனுப்ப வேண்டாம். விஷயம் வெளியே போய்விட்டது என்று அவருக்குத் தெரியும் நேரமும், அவள் கிளம்பப் போகிறாள் என்று வாசனை பிடிக்கும் நேரமும்தான் ரொம்ப ஆபத்தானவை. நாங்கள் பார்த்த மோசமான சம்பவங்கள் அந்த நாட்களில்தான் நடந்தன.

இந்த நான்கு விஷயங்களையும் அவள் எப்போதாவது சொன்னாளா என்று யோசியுங்கள். கொன்றுவிடுவேன் அல்லது நானும் செத்து உன்னையும் சாகடிப்பேன் என்ற மிரட்டல், மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ காட்டியது, கர்ப்பமாக இருந்தபோது அடித்தது அல்லது தள்ளியது, வர வர அதிகமாவது. ஏதாவது ஒன்று இருந்தாலும் 181-இல் பேசும்போது முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். கழுத்தைப் பிடித்ததையும்தான்.

அவள் போனை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் அவருடைய லேப்டாப் இருந்தால் எல்லா மெசேஜும் அவருக்குப் போகும். கூகுள் கணக்கு அவர் தொடங்கிக் கொடுத்ததாக இருந்தால் அவள் எங்கே போனாள் என்பதும் தெரியும். அதற்காக எல்லாவற்றையும் இப்போதே அணைக்கச் சொல்லாதீர்கள், திடீரென்று அணைந்தால் சந்தேகம் வரும். அந்த டீச்சர் போனே நல்ல வழி. இந்த இழையின் லிங்க்கையும் அவளுக்கு அனுப்ப வேண்டாம்.

ஆதார், குடும்ப அட்டை, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய பட்டச் சான்றிதழ்கள், பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, நகை போட்ட பட்டியல் எல்லாவற்றையும் டீச்சர் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அசல்களை ஒவ்வொன்றாகப் பள்ளிக்குக் கொண்டுபோய் வைக்க முடிந்தால் நல்லது. நடந்ததை எல்லாம் தேதியோடு நீங்கள் எழுதி வையுங்கள், அவள் எழுத வேண்டாம். வீட்டில் டைரி அகப்பட்டால் ஆபத்து.

பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு சைகை சொல்லி வைக்கலாம். பாப்பா ஓடி வந்து நின்றாலே 112-க்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு அக்காவோடு பேசி வைத்திருந்த பெண்ணை எனக்குத் தெரியும்.


வைகைக்கரை எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவள் நாளைக்கு "நான் சொன்னதை மறந்துடுக்கா, இப்ப நல்லாத்தான் இருக்கார்" என்பாள். அந்த நல்ல நாட்கள் உண்மையாகவே நல்லாத்தான் இருக்கும். அல்வா வாங்கி வருவார், காலைப் பிடித்து அழுவார், பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார். நம்பாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நாம் கல்யாணம் செய்துகொண்டது அந்த மனிதரைத்தான். அப்போது அவளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். "உனக்காக நான் இவ்வளவு அலைஞ்சேன்" என்று மட்டும் சொல்லவே வேண்டாம். என் சித்தி நான் திரும்பிப் போன ஒவ்வொரு தடவையும் "சரிம்மா, போன் பண்ணு" என்று மட்டும்தான் சொன்னார். அதனால்தான் கடைசித் தடவை ராத்திரி இரண்டு மணிக்கு அவரைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இல்லை.


செம்பருத்தி எழுதியது:

நிழற்குடை அம்மா, பெட்ரோல் மிரட்டல் எதுவும் இல்லை என்கிறாள். ஆனால் "பாப்பாவை உன் கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்று அடிக்கடி சொல்வாராம். அவளைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான்.

181-இல் நானே பேசினேன். நிதானமாகக் கேட்டார்கள், அவசரப்படுத்தவில்லை. அவளோடு பேச எந்த நேரம் பாதுகாப்பு, எந்த நம்பர் என்று முதலில் கேட்டார்கள். எங்கள் மாவட்ட சகி மையத்துக்கும் சொல்லி வைப்பதாகச் சொன்னார்கள். அவளும் ஒரு தடவை பேசிவிட்டாள். ஸ்டேஷன் வேண்டாம், ஆனால் எழுதி வைக்கட்டும் என்கிறாள்.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லி இங்கே வரவழைக்கிறோம், அது உண்மையும்கூட. வந்த பிறகு திரும்பிப் போவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா முதலில் "ஊர்ல என்ன சொல்றது" என்றார். கழுத்தைப் பிடித்ததைச் சொன்ன பிறகு எதுவும் பேசவில்லை. சாயங்காலம் அவரே நகைப் பட்டியலைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இப்போது என் கேள்விகள். புகுந்த வீடு வேறு மாவட்டம். மனு போட வேண்டுமென்றால் அங்கேயா போக வேண்டும்? அவர் வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? ஸ்டேஷனுக்குப் போகாமல் எப்படி எழுதி வைப்பது?


கறுப்பு அங்கி எழுதியது:

அங்கே போக வேண்டியதில்லை. 27-ஆவது பிரிவின்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலுள்ள மாஜிஸ்ட்ரேட்டிடமே மனு போடலாம். அம்மா வீட்டில் இருக்கும் வரை உங்கள் ஊர் நீதிமன்றம்தான்.

பாப்பா விஷயத்தில், 21-ஆவது பிரிவில் குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விட உத்தரவு கேட்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை பொதுவாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்பது இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டத்திலும் உள்ள நிலை. "கண்ணுல காட்ட மாட்டேன்" என்பது பயமுறுத்தல்தான், அவர் சொல்வதால் சட்டம் மாறிவிடாது. ஆனால் அவள் வரும்போது பாப்பாவை விட்டுவிட்டு வரக் கூடாது. என்ன சாக்கு சொன்னாலும் சரி, குழந்தையோடுதான் கிளம்ப வேண்டும்.

ஒருவேளை பின்னால் ஸ்டேஷனுக்குப் போனால், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "இனிமேல் ஒழுங்கா இருக்கேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. அவர் எதிரில் உட்கார அவளுக்குப் பயமாக இருந்தால் முடியாது என்று சொல்லலாம். புகாரை வாங்க மறுத்தால் எஸ்பி அலுவலகத்தில் கொடுக்கலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் கொடுக்கலாம்.


நிழற்குடை எழுதியது:

ஸ்டேஷனுக்குப் போகாமல் எழுதி வைக்கும் இடம் பாதுகாப்பு அலுவலர்தான். ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத் துறையின் கீழ் இருக்கிறார், அலுவலகம் பெரும்பாலும் ஆட்சியர் வளாகத்தில் இருக்கும். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை என்று ஒரு படிவம் நிரப்புவார். டிஐஆர் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். என்ன நடந்தது, எப்போது, யார் பார்த்தது, அவளுக்கு என்ன வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். கழுத்தைப் பிடித்தது, சம்பளக் கார்டு, பாப்பாவைக் காட்ட மாட்டேன் என்ற மிரட்டல் மூன்றும் கட்டாயம் அதில் இடம்பெற வேண்டும். "மனக் கசப்பு" என்று பொதுவாக எழுத விடாதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உடனே வழக்கு வேண்டாம் என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், மனு எப்போது போடுவது என்று பேசி முடிவு செய்யலாம்.

நீங்கள் வரும் நாள் சனி ஞாயிறாக இருந்தால் ஆட்சியர் அலுவலகம் பூட்டியிருக்கும். சகி மையம் எல்லா நாளும் இரவும் பகலும் திறந்திருக்கும், அங்கேயே தொடங்கலாம், தேவைப்பட்டால் பாப்பாவோடு சில நாள் தங்கவும் இடம் தருவார்கள். பாப்பாவின் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வரச் சொல்லுங்கள். போவதற்கு முந்தின நாள் எனக்குத் தனிமடல் போடுங்கள், உங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்பது என்று சொல்கிறேன்.